உண்மையைச் சொன்னவருக்கு யார் காவல்?

(உளவுத்துறை ஊழியர்களும் சட்டப் பாதுகாப்பும் – ஓர் ஆய்வு)

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் துறை



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று யூனியன் செயலாளர் கேட்டார். தலைப்பைச் சொன்னதும், "ஏம்ப்பா, சி.ஐ.டி. வேலைக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கியா?" என்று சிரித்தார். போடவில்லை. ஆனாலும் இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் உண்டு. டிப்ளமோ முடித்ததும் நம்மில் சிலர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளுக்கும், ராடார், தகவல் தொடர்பு நிலையங்களுக்கும் வேலைக்குப் போவோம். அங்கே பார்ப்பதை வெளியில் சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சரி, பார்த்தது தப்பாக இருந்தால்? யாரிடம் சொல்வது? சொன்னால் நமக்கு என்ன ஆகும்?

நெட்வொர்க் பாடம் நடத்தும்போது எங்கள் விரிவுரையாளர் ஓர் அமெரிக்க அதிகாரியைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னார். அதன் பிறகு தேடித்தேடிப் படித்தேன். நான் சட்டம் படித்தவன் அல்லன். என் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆகவே எனக்குப் புரிந்த அளவில், நமக்குப் புரிகிற பாஷையில் எழுதுகிறேன். அமெரிக்காவை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதிகமாகச் சட்டம் போட்ட நாடுகளில் அது ஒன்று. அங்கேயே ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், மற்ற இடங்களின் நிலைமை தானாகப் புரியும்.

1. விசில் ஊதுபவர் யார்?

தான் வேலை செய்யும் இடத்தில் நடக்கும் ஊழலையோ, சட்ட மீறலையோ, பொதுமக்களுக்கு ஆபத்தான காரியத்தையோ கண்டு வெளியே சொல்பவரை ஆங்கிலத்தில் 'விசில் ப்ளோயர்', அதாவது விசில் ஊதுபவர் என்கிறார்கள். நம்ம ஊர் டவுன் பஸ்ஸை நினைத்துக் கொள்ளுங்கள். முன்னால் பார்த்து ஓட்டும் டிரைவருக்குப் பின் படிக்கட்டில் தொங்குகிறவன் தெரியாது. கண்டக்டருக்குத் தெரியும். அவர் விசில் ஊதினால் வண்டி நிற்கிறது. "நீ யார் ஊதுறதுக்கு?" என்று டிரைவர் கேட்பதில்லை.

சாதாரண அரசு அலுவலகத்தில் நடக்கும் தப்பு, கண்டக்டர் இல்லாவிட்டாலும் என்றாவது வெளியே வந்துவிடும். தணிக்கை இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, பாதிக்கப்பட்ட பொதுஜனம் இருக்கிறது. உளவுத்துறையில் இவற்றில் பெரும்பாலானவை கிடையாது. வரவு செலவு இரகசியம், வேலை இரகசியம், வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாது. தன் போன் ஒட்டுக் கேட்கப்படுகிறது என்று ஒட்டுக் கேட்கப்படுகிறவனுக்கே தெரியாது. ஆகவே உள்ளே இருக்கிற ஊழியர் ஒருவர்தான் சாட்சி. எங்கே விசில் ஊதுபவர் மிகவும் தேவையோ, அங்கேதான் அவருக்குச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பு மிகவும் குறைவாக இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

2. பத்து மாலுமிகள்

அமெரிக்காவில் இந்தச் சிந்தனை பழையது. 1777-இல், பிரிட்டனோடு விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 'வாரன்' என்ற போர்க்கப்பலைச் சேர்ந்த பத்துப் பேர் தங்கள் கடற்படைத் தளபதி ஈசெக் ஹாப்கின்ஸ் மீது புகார் கொடுத்தார்கள். பிடிபட்ட ஆங்கிலேயக் கைதிகளை அவர் கொடுமைப்படுத்தினார் என்பது அந்தப் புகாரில் ஒன்று. எதிரி நாட்டுக் கைதிக்காகத் தன் தளபதி மேல் புகார் கொடுப்பது சின்ன விஷயமா? தளபதி பதவி போயிற்று. அவர் சும்மா இருக்கவில்லை. புகார் கொடுத்தவர்கள் மேல் அவதூறு வழக்குப் போட்டார். சாமுவேல் ஷா, ரிச்சர்டு மார்வென் என்ற இருவர் சிறைக்குப் போனார்கள்.

1778 ஜூலை 30-ஆம் தேதி அந்நாட்டுக் காங்கிரஸ், அதாவது பாராளுமன்றம், ஒரு தீர்மானம் போட்டது. அரசுப் பணியில் இருக்கும் எவரும் முறைகேட்டைக் கண்டால் உடனே தெரிவிக்க வேண்டியது அவர் கடமை என்றது. இருவரின் வழக்குச் செலவையும் அரசே ஏற்றது. அவர்கள் விடுதலையானார்கள்.

கடமை என்று சொன்னதோடு நிற்காமல், கடமையைச் செய்தவரின் வழக்குச் செலவையும் ஏற்றார்களே, அதைக் கவனியுங்கள். இருநூறு வருஷத்துக்குப் பிறகு வந்த சட்டங்களில் முதல் பாதி மிஞ்சியது. இரண்டாம் பாதி இளைத்துப் போனது.

3. சட்டங்கள் என்ன சொல்கின்றன?

1978-இல் வந்த சிவில் சர்வீஸ் சீர்திருத்தச் சட்டமும், 1989-இல் வந்த விசில் ஊதுபவர் பாதுகாப்புச் சட்டமும் அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்குப் பாதுகாப்புத் தருகின்றன. புகார் சொன்னதற்காக வேலை நீக்கம், இடமாற்றம், பதவி இறக்கம் எதுவும் செய்யக்கூடாது. செய்தால் தனி வாரியத்திலும், அதன் மேல் நீதிமன்றத்திலும் முறையிடலாம். ஆனால் சி.ஐ.ஏ., தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ. போன்ற உளவு அமைப்புகளின் ஊழியர்களுக்கு இது பொருந்தாது என்று சட்டத்திலேயே விலக்கு எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்த இடைவெளியை அடைக்க என்று 1998-இல் உளவுத்துறை ஊழியர்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. அதன் வழிமுறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஊழியர் தன் புகாரை இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் கொடுக்க வேண்டும். நம்ம ஊரில் ஐ.ஜி. என்றால் போலீஸ் அதிகாரி. அங்கே அப்படியில்லை. ஒவ்வொரு துறைக்குள்ளும் முறைகேடுகளை விசாரிக்க நியமிக்கப்பட்ட தணிக்கை அதிகாரி அவர்.

இரண்டாம் படி: புகார் நம்பத்தகுந்ததா என்று அவர் 14 நாட்களுக்குள் முடிவு செய்து துறைத் தலைவருக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாம் படி: துறைத் தலைவர் 7 நாட்களுக்குள் பாராளுமன்றத்தின் உளவுத்துறைக் குழுக்களுக்கு அனுப்ப வேண்டும்.

ஐ.ஜி. நம்பவில்லை என்றால் ஊழியரே குழுவிடம் நேரடியாகப் போகலாம். ஆனால் போவதற்கு முன் அதை ஐ.ஜி.யிடம் சொல்லி, எப்படிப் போவது என்று துறைத் தலைவரிடமிருந்து உத்தரவு வாங்கிக்கொண்டு போக வேண்டும்! புகாரே அந்தத் தலைவர் மேல் என்றாலும் வழி இதுதான். ஐ.ஜி.யோ தலைவரோ இதில் எடுக்கும் முடிவை எந்தக் கோர்ட்டும் விசாரிக்க முடியாது என்றும் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

பெயரில் 'பாதுகாப்பு' என்ற சொல் இருக்கிறது. ஆனால் பழிவாங்கினால் என்ன தண்டனை, இழந்த வேலையை எப்படித் திரும்ப வாங்குவது என்று தேடினால் 1998 சட்டத்தில் கிடைக்காது. கடிதம் போகும் பாதையைத்தான் அது சொல்கிறது.

நம் பாஷையில் சொன்னால், மெஷினுக்குப் போகும் அதே பியூஸிலிருந்து அபாய விளக்குக்கும் லைன் எடுத்த மாதிரி. பியூஸ் போனால் மெஷினோடு சேர்ந்து விளக்கும் அணைந்துவிடும். அபாய விளக்குக்குத் தனி சப்ளை வேண்டும் என்று நமக்கு முதல் வருஷமே சொல்லித் தருகிறார்கள்.

4. முறைப்படி போனவரின் கதை

"அவர் முறைப்படி போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது" என்று பலர் சொல்வார்கள். ஆகவே முறைப்படி போன ஒருவரைப் பார்ப்போம். பெயர் தாமஸ் டிரேக். விமானப்படையில் இருந்தவர். பல வருஷம் காண்டிராக்ட் ஊழியராக இருந்துவிட்டு, 2001-இல் என்.எஸ்.ஏ.வில் மூத்த அதிகாரியாகச் சேர்ந்தார். வேலையில் சேர்ந்த நாள் செப்டம்பர் 11. நியூயார்க் கட்டடங்கள் இடிந்த அதே நாள்.

அப்போது என்.எஸ்.ஏ.வில் இரண்டு திட்டங்கள் பேசப்பட்டன. ஒன்று, வில்லியம் பின்னி முதலிய உள்ளூர் நிபுணர்களே செய்த 'தின்த்ரெட்'. நெட்வொர்க்கில் ஓடும் தகவலில் தேவையானதை மட்டும் பிரித்தெடுத்து, அமெரிக்கக் குடிமக்களின் விவரத்தைக் குறியீடாக மறைத்து வைக்கும் முறை அதில் இருந்தது. அதற்கு ஆன செலவு ஏறக்குறைய 30 லட்சம் டாலர் என்று சொல்லப்பட்டது. இன்னொன்று, வெளிக் கம்பெனிகளுக்குக் காண்டிராக்ட் விடப்பட்ட 'டிரெயில்பிளேசர்'. அது நூறு கோடி டாலருக்கு மேல் விழுங்கிவிட்டுக் கடைசியில் 2006-இல் கைவிடப்பட்டது. நிர்வாகம் தின்த்ரெட்டை ஒதுக்கியது. செப்டம்பர் 11-க்குப் பிறகு, கோர்ட் உத்தரவு இல்லாமல் சொந்த நாட்டு மக்களின் தொடர்புகளை வாரி எடுக்கவும் ஆரம்பித்தது.

டிரேக் என்ன செய்தார்? மேலதிகாரியிடம் சொன்னார். துறையின் சட்டப் பிரிவிடம் சொன்னார். பாராளுமன்ற விசாரணைக் குழுவிடம் சொன்னார். 2002 செப்டம்பரில் பின்னி, கிர்க் வீப், எட் லூமிஸ் ஆகிய மூன்று முன்னாள் என்.எஸ்.ஏ. ஊழியர்களும், பாராளுமன்றக் குழுவில் வேலை செய்த டயான் ரோர்க் என்ற அம்மையாரும் பாதுகாப்புத் துறை ஐ.ஜி.யிடம் புகார் கொடுத்தார்கள். டிரேக் அதில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் உள்ளே இருந்து விசாரணைக்கு முக்கியமான தகவல்களைக் கொடுத்தவர் அவர்தான். 2004-இல் ஐ.ஜி.யின் அறிக்கை தயாரானது. பொதுமக்கள் கையில் அது கிடைத்தது 2011-இல். அப்போதும் பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசியிருந்தது.

2005 டிசம்பரில் உத்தரவில்லாத ஒட்டுக்கேட்பு பற்றி 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. யார் சொன்னது என்று எஃப்.பி.ஐ. தேட ஆரம்பித்தது. 2007 ஜூலையில், ஐ.ஜி.யிடம் முறைப்படி புகார் கொடுத்த அந்த நான்கு பேர் வீட்டிலும் ஒரே நாளில் துப்பாக்கியோடு ரெய்டு. நவம்பரில் டிரேக் வீட்டிலும் ரெய்டு. இவர்களில் ஒருவரும் அந்தச் செய்தியைக் கொடுத்தவர் அல்லர். டிரேக் 2006 வாக்கில் வேறொரு பத்திரிகையின் நிருபரிடம் பேசியிருந்தார். வீண் செலவைப் பற்றித்தான் பேசினேன், இரகசியம் எதையும் தரவில்லை என்றார்.

2010 ஏப்ரலில் அவர் மேல் பத்துக் குற்றச்சாட்டுகள். அவற்றில் ஐந்து, 1917-ஆம் வருஷத்து உளவுச் சட்டத்தின் கீழ். மொத்தம் 35 வருஷம் வரை சிறை கிடைக்கலாம் என்ற நிலை. பத்திரிகைக்குக் கொடுத்தார் என்பதல்ல குற்றச்சாட்டு; இரகசியத் தாள்களை வீட்டில் வைத்திருந்தார் என்பது. அவற்றில் சில, ஐ.ஜி. விசாரணைக்காக வைத்திருந்தவை என்பது அவர் தரப்பு. ஒரு தாளின் மேல் 'இரகசியமல்ல' என்றே அச்சிட்டிருந்தது. ஆனாலும் அது இரகசியம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு வாதாடியது!

2011 ஜூனில், விசாரணை தொடங்க வேண்டிய நேரத்தில், பத்துக் குற்றச்சாட்டுகளையும் அரசு கைவிட்டது. அனுமதிக்கு மேல் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார் என்ற சின்னக் குற்றத்தை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார். ஒரு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, 240 மணி நேரச் சமூக சேவை. ரெய்டுக்கும் குற்றப்பத்திரிகைக்கும் நடுவில் ஒரு மனிதனை வருஷக்கணக்கில் காக்க வைத்ததை நீதிபதி கடுமையாகக் கண்டித்தார்.

வழக்கில் அவர் தோற்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் வேலை போயிற்று. ஓய்வூதியத்துக்குச் சில வருஷம் இருக்கும்போதே போயிற்று. கைக்காசு தீர்ந்து, அரசு நியமித்த இலவச வக்கீல்கள்தான் வழக்கை நடத்தினார்கள். என்.எஸ்.ஏ.வின் மூத்த அதிகாரி ஆப்பிள் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று போன் விற்றார். வேலையில் கேவலம் இல்லை நண்பர்களே. ஆனால் அவரை அங்கே நிறுத்தியது எது என்று யோசிக்க வேண்டும்.

கதை இதோடு முடியவில்லை. அந்தப் பாதுகாப்புத் துறை ஐ.ஜி. அலுவலகத்திலேயே விசில் ஊதுபவர்களைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ஜான் கிரேன். அவர் 2013-இல் வேலையை விட்டு வெளியேற்றப்பட்டார். தன் அலுவலகத்தில் சிலரே டிரேக்கின் அடையாளத்தை விசாரணை அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள் என்றும், வழக்குக்குத் தேவையான ஆவணங்களை அழித்தார்கள் என்றும் 2016-இல் அவர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். காவல்காரரே விசில் ஊத வேண்டி வந்தது.

5. வேலையை விட்டு நீக்காமலே நீக்குவது

உளவுத்துறையில் ஒருவரைப் பழிவாங்க வேலை நீக்க உத்தரவு தேவையே இல்லை. பாதுகாப்பு அனுமதி என்று ஒன்று உண்டு. இரகசியத்தைப் பார்க்கத் தகுதியானவர் என்ற அங்கீகாரம். அதை நிறுத்தி வைத்தால் போதும். ஆபீசுக்குள் நுழைய முடியாது, கம்ப்யூட்டரைத் தொட முடியாது, வேறு உளவு அமைப்பிலும் காண்டிராக்ட் கம்பெனியிலும் சேர முடியாது.

இதைப் படித்தபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் அப்பா ஒரு குடோனில் மூட்டை தூக்குகிறவர். முன்பு வேலை செய்த இடத்தில் தராசில் எடை வித்தியாசம் இருக்கிறது என்று மேஸ்திரியிடம் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து காலையில் போனால், "இன்னிக்கு லோடு இல்லப்பா, நாளைக்கு வா" என்றார்கள். நாளைக்கும் அதே பதில். மற்றவர்களுக்கு மட்டும் லோடு இருந்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டு அப்பா வேறு இடம் தேடிக்கொண்டார். எந்தக் கோர்ட்டுக்குப் போய் என்னவென்று சொல்வது? நிறுத்தினதற்குத்தான் தாளே இல்லையே!

1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடற்படைக்கும் ஈகன் என்ற தொழிலாளிக்கும் நடந்த வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாதுகாப்பு அனுமதி யாருக்கும் உரிமை அல்ல; அதைக் கொடுப்பதும் மறுப்பதும் நிர்வாகத்தின் முடிவு; சரியா தவறா என்று வாரியம் ஆராய முடியாது என்பது அதன் சாரம். மற்ற துறை ஊழியருக்குத் திறந்திருக்கும் கதவு இங்கே பெரும்பாலும் மூடிவிட்டது.

2012 அக்டோபரில் ஜனாதிபதி ஒபாமா 19-ஆம் எண் கொள்கை உத்தரவு ஒன்று போட்டார். முறைப்படி புகார் சொன்ன உளவுத்துறை ஊழியரைப் பழிவாங்கக்கூடாது, பாதுகாப்பு அனுமதியைப் பறித்தும் பழிவாங்கக்கூடாது என்றது. 2014-இல் இதன் முக்கிய அம்சங்கள் சட்டமாகவும் வந்தன. இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் முறையீட்டை முதலில் விசாரிப்பது அதே துறை. அதற்கு மேல் மூன்று ஐ.ஜி.க்கள் கொண்ட குழு. அந்தக் குழுவும் துறைத் தலைவருக்குச் சிபாரிசுதான் செய்யலாம். வெளிக் கோர்ட்டுக்குப் போக வழி செய்யவில்லை.

6. காண்டிராக்ட் ஊழியருக்கு?

2013 ஜூனில் எட்வர்டு ஸ்னோடென் என்.எஸ்.ஏ.வின் ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார். கோடிக்கணக்கான மக்களின் போன் அழைப்பு விவரங்கள் மொத்தமாகச் சேகரிக்கப்படுவது அதில் வெளிப்பட்டது. ஏன் முறைப்படி போகவில்லை என்று அவரைக் கேட்டார்கள். அவர் என்.எஸ்.ஏ.வின் நேரடி ஊழியர் அல்லர். பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற கம்பெனியின் ஊழியர். 2012 உத்தரவில் காண்டிராக்ட் ஊழியருக்குத் தெளிவான பாதுகாப்பு எழுதப்படவில்லை. அது சட்டத்தில் வந்தது 2018 ஜனவரியில். அதாவது ஸ்னோடென் போய் நாலரை வருஷம் கழித்து! டிரேக்குக்கு நடந்ததைப் பார்த்துத்தான் அந்த வழி தனக்கு உதவாது என்று புரிந்துகொண்டதாக ஸ்னோடென் சொல்லியிருக்கிறார்.

ஒரே மேசை, ஒரே கம்ப்யூட்டர், ஒரே இரகசியம். ஒருவர் பெர்மனெண்ட், இன்னொருவர் காண்டிராக்ட் என்றால் பாதுகாப்பு மட்டும் வேறு. இது நமக்குப் புதிதில்லை. எந்தத் தொழிற்சாலை வாசலில் நின்றாலும் பார்க்கலாம்.

7. "ஏன் செய்தாய்?" என்று கேட்காத சட்டம்

1917 உளவுச் சட்டம் முதல் உலகப் போர்க் காலத்தில் வந்தது. எதிரிக்கு இரகசியம் விற்கிறவனுக்காகச் செய்த சட்டம். காசுக்கு விற்றவனையும், மக்களுக்குத் தெரியட்டும் என்று கொடுத்தவனையும் அது தனித்தனியாகப் பார்ப்பதில்லை. பொது நன்மைக்காகச் செய்தேன் என்ற எதிர்வாதத்துக்கு அதில் இடமில்லை.

வியட்நாம் போர் பற்றிய இரகசிய ஆய்வை 1971-இல் பத்திரிகைகளுக்குக் கொடுத்த டேனியல் எல்ஸ்பெர்க் கோர்ட்டில் நின்றபோது, அவருடைய வக்கீலே "ஏன் பிரதி எடுத்தீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல அனுமதி கிடைக்கவில்லை. அரசு ஆட்கள் எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவர் அலுவலகத்தில் திருட்டுத்தனமாகப் புகுந்தது அம்பலமானதால் 1973-இல் வழக்கே தள்ளுபடியானது. சட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. எதிர்த் தரப்பின் தப்பு காப்பாற்றியது.

ஸ்னோடென் விஷயமும் அப்படித்தான். அந்தப் போன் விவரச் சேகரிப்பைச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று 2015-இலும் 2020-இலும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டு சொல்லிவிட்டன. ஆனாலும் அவர் திரும்பி வந்து கூண்டில் நின்றால், அந்தத் தீர்ப்புகளைத் தன் நியாயமாகக் காட்ட உளவுச் சட்டம் இடம் தராது. 2022-இல் ரஷ்யக் குடியுரிமை பெற்றார்.

8. 2019: சட்டத்துக்கு வந்த பரீட்சை

2019 ஆகஸ்ட் 12-ஆம் தேதி உளவுத்துறை ஊழியர் ஒருவர் ஜனாதிபதி டிரம்ப் உக்ரைன் ஜனாதிபதியோடு பேசிய போன் பேச்சைப் பற்றி முறைப்படி புகார் கொடுத்தார். பத்திரிகைக்குப் போகவில்லை. ஐ.ஜி. மைக்கேல் அட்கின்சன் சரியாக 14-ஆம் நாள், நம்பத்தகுந்தது, அவசரமானது என்று எழுதி மேலே அனுப்பினார். அடுத்த 7 நாளில் பாராளுமன்றக் குழுக்களுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இது சட்டம் சொல்லும் 'அவசர விஷயம்' ஆகாது என்று நீதித்துறை அமைச்சகம் கருத்துச் சொல்ல, உளவுத்துறையின் தற்காலிக இயக்குநர் நிறுத்தி வைத்தார். இப்படி ஒரு புகார் நிற்கிறது என்று அட்கின்சனே குழுவுக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியானது. செப்டம்பர் கடைசியில் புகார் பாராளுமன்றத்துக்குக் கிடைத்தது. டிசம்பரில் ஜனாதிபதி மேல் பதவி நீக்கத் தீர்மானம் கீழ்ச் சபையில் நிறைவேறியது. 2020 பிப்ரவரியில் செனட் அவரை விடுவித்தது.

ஜனாதிபதி செய்தது சரியா தவறா என்பது நம் கட்டுரைக்கு வெளியே. பாதையைப் பார்ப்போம். சட்டம் சொன்ன ஒவ்வொரு படியிலும் கால் வைத்து ஏறியவரின் பெயரை வெளியிடச் சொல்லி ஆட்சியில் இருந்தவர்களே கேட்டார்கள். பெயரைச் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு ஐ.ஜி.க்குத் தெளிவாக இருக்கிறது. மற்றவர்களுக்கு அவ்வளவு தெளிவாக இல்லை. 2020 ஏப்ரலில் அட்கின்சனையே பதவியிலிருந்து நீக்கினார் ஜனாதிபதி. 2025 ஜனவரியில் பதினைந்துக்கும் மேற்பட்ட ஐ.ஜி.க்கள் ஒரே நாளில் நீக்கப்பட்டார்கள். பாதுகாப்புத் துறை ஐ.ஜி.யும் அவர்களில் ஒருவர். காவல்காரரை நியமிப்பதும் நீக்குவதும் ஒரே கை என்றால், காவல் எத்தனை நாளைக்கு?

9. அப்படியென்றால் இரகசியமே வேண்டாமா?

இந்தக் கேள்வியை விடுதியில் என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. சி.ஐ.ஏ. அதிகாரியாக இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் காசுக்காகத் தன் ஆட்களின் பெயர்களைச் சோவியத் நாட்டுக்கு விற்றார். அதனால் பலர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1994-இல்தான் அவர் பிடிபட்டார். இரகசியம் என்பது சில நேரம் ஒருவருடைய உயிர். ஒவ்வோர் ஊழியரும் தனக்குத் தோன்றியதை எல்லாம் தெருவில் கொட்டினால் நாடு தாங்காது.

ஆனால் இதே காரணத்துக்காகத்தான் உள்ளே இருக்கும் வழி நம்பகமாக இருக்க வேண்டும். உள்வழியில் போனவர் அடிபட்டால், அதைப் பார்த்து அடுத்தவர் இரண்டில் ஒன்று செய்வார். வாயை மூடிக்கொள்வார், இல்லையென்றால் பத்திரிகைக்குப் போவார். இரண்டுமே நாட்டுக்கு நஷ்டம். விசில் ஊதுபவரைக் காப்பது இரகசியத்தைக் காப்பதற்கும் உதவும் என்பது என் தாழ்மையான கருத்து.

வழி இல்லாமலும் இல்லை. கனடாவில் 2001-இல் வந்த சட்டத்தில், முதலில் உள்ளே சொல்லி, பதில் வராமல் போன பிறகு வெளிப்படுத்தினால், பொது நன்மையைக் காரணமாக நீதிமன்றத்தில் வாதாடச் சில நிபந்தனைகளோடு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

10. நம் நாட்டில்

நமக்கு 1923-ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு உளவு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது.

சத்யேந்திர துபே என்ற பொறியாளரை நாம் மறக்கக்கூடாது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை இரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதம் அவர் பெயரோடு பல அலுவலகங்களைச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறி என்றது சி.பி.ஐ. கொலைக்குக் காரணம் எதுவானாலும், கேட்டுக்கொண்டபடி அவர் பெயர் காக்கப்படவில்லை என்பது உண்மை. அதன் பிறகு எழுந்த கோரிக்கையின் விளைவாக 2014-இல் முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் ஜனாதிபதியின் ஒப்புதலைப் பெற்றது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு பல வருஷமாகியும் வரவில்லை. வந்தாலும், நாட்டின் பாதுகாப்பைத் தொடும் தகவலுக்கு அதில் இடமில்லை.

முடிவுரை

ஒரு பாதுகாப்புச் சட்டம் நிஜமாகவே பாதுகாக்குமா என்று பார்க்க நான் கற்றுக்கொண்ட நான்கு சோதனைகளைக் குறிப்பிடுகிறேன். குறித்துக் கொள்ளுங்கள். இது உளவுத்துறைக்கு மட்டுமல்ல, எந்த வேலைக்கும் பொருந்தும்.

அ) புகாரை வாங்குகிறவரை நீக்கும் அதிகாரம், புகாருக்கு ஆளானவர் கையில் இருக்கிறதா?

ஆ) சொன்னவர் பெயரை வெளிவிட்டால் தண்டனை உண்டா? யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

இ) பழிவாங்கப்பட்டால் அந்தத் துறைக்கு வெளியே உள்ள நீதிபதியிடம் போக முடியுமா?

ஈ) காண்டிராக்ட் ஊழியரும், அப்ரண்டிஸும் அதில் அடங்குவார்களா?

நான்கில் ஒன்றுக்குக்கூட நல்ல பதில் இல்லையென்றால், சட்டத்தின் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பித் தனி ஆளாக இறங்காதீர்கள். முதலில் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள். தேதி, நேரம் போட்டுக் குறித்து வையுங்கள். ஆனால் தாளை வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். டிரேக் மேல் வழக்கு வந்தது அதனால்தான். முடிந்தால் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். வாரன் கப்பலில் பத்துப் பேர் போட்டார்கள்.

பயந்து சும்மா இருங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னவர் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வது பக்கத்தில் இருக்கிற நம் வேலை. சட்டம் அதைச் செய்யும் வரைக்கும் யூனியன்தான் செய்ய வேண்டும்.